ஆற்றோரம் நீ கட்டிய குடிசை

என் தங்கத் தம்பி சரவணா,

நலமா என்று கேட்க வாய் வருகிறது. கேட்டு என்ன ஆகப்போகிறது? இங்கே ஒரே மழை. கியா பார்ம் சந்தையில் கூட்டமே இல்லை, ஸ்ட்ராபெர்ரிக் கடையைச் சீக்கிரம் மூடிவிட்டேன். அன்றைக்குக் கோலா தெர்லாவில் முட்டைக்கோஸ் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு லோரிப் படியில் உட்கார்ந்தாயாம். பிறகு எழுந்திருக்கவே இல்லை. அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகக்கூடாதா? எனக்குக் கோபம்தான் வருகிறது. யாரிடம் காட்டுவது?

உன் மகள் தர்ஷினியைப் பற்றித்தான் எழுத வந்தேன். பள்ளிக்கூடம் போகிறாள், சாப்பிடு என்றால் சாப்பிடுகிறாள். அதற்கு மேல் பேச்சில்லை. நாம் கம்ப்யூட்டரில் விளையாடும்போது பின்னால் நின்று, "அப்பா, குதிரைய வுடுங்கப்பா!" என்று கத்திய பிள்ளை, இப்போது அந்த மேசைப் பக்கமே திரும்புவதில்லை. அவள் அம்மா செல்வி, உன் மடிக்கணினியை விற்றுவிடலாமா என்று என்னிடம் கேட்டபோது மட்டும் ஓடிப்போய் அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு நின்றாள். செல்வி அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

நம் ஆட்டம் உனக்கு மறக்குமா? நீ ஒரு ராஜ்யம், நான் ஒரு ராஜ்யம், எதிரே கம்ப்யூட்டர். உன் லைன் வீட்டு மேசையில் அருகருகே இரண்டு பழைய மடிக்கணினிகள். எதிரிக் கம்ப்யூட்டரின் அசட்டுத்தனங்களைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய். எந்த வாசலில் அடி வாங்கியதோ அதே வாசலுக்குத்தான் மறுபடியும் ஆள் அனுப்பும். அதன் விறகுவெட்டி நம் கோட்டைக்குள்ளேயே வந்து மரத்தில் கோடரி போடுவான். "அதுக்குப் புத்தி இல்லக்கா, வெறும் கணக்குதான்" என்பாய். "நீ மட்டும் என்னமோ மூட்ட மூட்டயா வச்சிருக்கிற மாதிரி" என்பேன் நான்.

எனக்குத் தலைக்கனம் ஏறியிருந்தது. என் வயலில் ஒரு கதிர் கருகியதில்லை. ஆட்டம் முடிந்து கணக்கு வரும்போது உன் பக்கம் பாதி ஊர் அழிந்திருக்கும். என் பக்கம் ஆடு மாடு எல்லாம் பத்திரம். "என்னப் பாத்தா கம்ப்யூட்டருக்கே பயம்டா. நீயெல்லாம் ஒரு ராஜா!" என்று குத்திக் காட்டுவேன். நீ பால் சேர்க்காத தே ஓவை உறிஞ்சிக்கொண்டு, "ஆமா லா, நீதான் ராணி" என்பாய்.

போன மாதம் மனசு கேட்காமல் தனியாக ஆடிப் பார்த்தேன். கொஞ்ச நேரம்தான். குதிரைகள் நேராக என் களஞ்சியத்துக்கு வந்தன, எரித்துவிட்டுப் போயின. மறுநாளும் அதே கதைதான். ராணியின் வண்டவாளம் தண்டவாளம் ஏறிவிட்டது.

அப்போதுதான் உன் குடிசை ஞாபகம் வந்தது. ஆட்டம் தொடங்கியதும் ஆற்றைத் தாண்டிப் போய், எதிரியின் முகத்துக்கு நேரே ஒரு குடிசை போடுவாயே. "ஏன்டா அவ்ளோ தூரத்துல போய்க் கட்டுற?" என்று கேட்டால், "சும்மா லா" என்று மழுப்பிவிடுவாய். நானும் ஒன்று கட்டிப் பார்த்தேன். வந்த படை மொத்தமும் அங்கேயே நின்று அதைப் போட்டு அடித்தது. பின்னால் என் ஊர் திறந்து கிடக்கிறது, ஒருவனும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. எது கிட்டே இருக்கிறதோ அதை அடிக்கும். அது தீரும்வரை அப்பால் வராது. கம்ப்யூட்டரின் பெரிய அசட்டுத்தனமே இதுதான். இதை மட்டும் நீ எனக்குச் சொல்லவே இல்லை.

அழுதேன் சரவணா. ஆட்டத்துக்காக இல்லை. அப்பாவின் நினைவு வந்துவிட்டது.

சம்பள நாளில் அப்பா குடித்துவிட்டு வந்தால், முதலில் யார் கையில் அகப்படுகிறார்களோ அவர்களுக்குத்தான் அடி. கை ஓய்ந்ததும் அங்கேயே சுருண்டு விடுவார். அன்றைக்கெல்லாம் நீ பாயைத் தூக்கிப் போய் வாசலை ஒட்டிப் போட்டுக்கொள்வாய். "இங்கதான் காத்து நல்லா வருதுக்கா." கேமரன் மலைக் குளிரில் எவனாவது காற்று வாங்குவானா? அதையும் நம்பி, உள்ளே கம்பளியைப் போர்த்திக்கொண்டு தூங்கியிருக்கிறேன். மூத்தவள் நான். நீ வாங்கிய அடியில் எனக்கு வரவேண்டியது எவ்வளவுடா?

இன்று மத்தியானம் தர்ஷினியைக் கூப்பிட்டேன்.

"அத்தைக்கு ஆள் இல்லடி. கூட வந்து ஆடு."

"அப்பா எடத்துல நான் உக்கார மாட்டேன்."

"வேணாம்டி. நீ என் எடத்துல உக்காரு. அங்க நான் உக்காந்துக்கறேன்."

வெகுநேரம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு வந்து உட்கார்ந்தாள்.

உன் நாற்காலியின் கால் இன்னும் ஆடுகிறது. ஆற்றைத் தாண்டி முதல் குடிசையைக் கட்டினேன். படை வந்தது, குடிசை விழுந்தது. இன்னொன்று கட்டினேன். அதுவும் போயிற்று. என் பக்கமெல்லாம் ஒரே புகை, அவள் பக்கம் கதிர் மஞ்சளாக முற்றி நின்றது.

"ஐயோ அத்த, உங்க வீடெல்லாம் எரியுது!"

"எரிஞ்சா எரியட்டும். நீ உன் ஆடுங்களப் பாரு."

கடைசியில் ஜெயித்தோம். கணக்கு வந்தது. என் பக்கம் முக்கால்வாசி காலி, அவள் பக்கம் ஒரு கோழிகூடக் குறையவில்லை. திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். நீ போன பிறகு முதல்முறையாகச் சிரித்தாள்.

"என்னப் பாத்தா கம்ப்யூட்டருக்குப் பயம் லா, அத்த!"

பக்கத்தில் இருந்த தே ஓவை எடுத்து உறிஞ்சினேன். ஆறிப் போயிருந்தது.

"ஆமாடி, நீதான் ராணி" என்றேன்.

குடிசை எதற்கென்று அவளிடம் சொல்ல மாட்டேன் சரவணா. அவள் கேட்டால், சும்மா என்பேன். நீ நிம்மதியாகத் தூங்குடா. இனி வாசல் பக்கம் என் பாய்தான் இருக்கும்.

உள்ளே தூங்கியே வளர்ந்த,
உன் அக்கா