தூங்கும் கிழங்குக்கு ஒரு டம்ளர் தண்ணீர்

என் அன்புக்குரியவருக்கு,

நானும் மாமாவும் நலம் என்றுதான் இதுவரை ஒவ்வொரு கடிதத்தையும் ஆரம்பித்தேன். இன்று அப்படி எழுதக் கை வரவில்லை.

கப்பலில் இன்னும் ஆறு மாதம் இருக்கச் சொல்கிறார்கள், சம்மதிக்கட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். அதற்குக் கீழேயே, பூச்சிதின்னிச் செடிகள் முளைத்துவிட்டனவா என்றும் கேட்டிருந்தீர்கள். இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்கிறேன். முளைக்கவில்லை. இனி முளைக்காது.

இலை இருந்தவரை நான் ஒரு குறையும் வைக்கவில்லை. நீங்கள் சொன்னபடி மீன் தீனியைப் பொடித்து, பல்குத்தும் குச்சி முனையில் தொட்டு, பிசுபிசுப்பான ஒவ்வொரு இலையிலும் வைத்தேன். செடிக்குக் குச்சியில், உங்கள் அப்பாவுக்கு ஸ்பூனில். ஊட்டி ஊட்டியே என் பொழுது போயிற்று. வெயில் காலத்தில் இலை கருகியதும் கிழங்கு மண்ணுக்குள் தூங்கும், அப்போது தண்ணீர் பட்டால் அழுகிவிடும் என்று நீங்கள் எழுதி ஒட்டிய சீட்டு இன்னும் தொட்டியில்தான் இருக்கிறது.

மாமாதான் ஊற்றினார். தினமும் காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு பால்கனி வரை போய், தனக்குக் குடிக்க வைத்த தண்ணீரைத் தொட்டியில் கவிழ்த்துவிடுவார். கேட்டால், பாவம், காஞ்சு கிடக்கு, அவன் வந்தா என்னைத்தான் திட்டுவான் என்பார். கதவைப் பூட்டிப் பார்த்தேன். மூன்று நாள் அவர் கட்டிலை விட்டு எழவில்லை, சாப்பிட வாயும் திறக்கவில்லை. நாலாம் நாள் பூட்டை எடுத்துவிட்டேன். கிழங்கைத் தோண்டி எடுத்து வைத்திருக்கலாமே என்பீர்கள். இப்போது எனக்கும் தோன்றுகிறது. அன்றைக்கு அதற்குக்கூடத் தெம்பில்லை.

நேற்றுக் கிளறிப் பார்த்தேன். பட்டாணி அளவுக் கிழங்குகள் விரலில் கூழாகிவிட்டன. ஏழு வருடம் விதையிலிருந்து வளர்த்தீர்கள். அழுகும் என்று தெரிந்தேதான் விட்டேன். கோபம் என் மேல் இருக்கட்டும், அவர் மேல் வேண்டாம்.

இனி முதல் கேள்வி. நான் அலுத்துப்போய்விட்டேன். கொஞ்ச நாளாக மாமாவுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. நர்ஸம்மா என்று மரியாதையாகக் கூப்பிடுகிறார், வருகிறேன் ஐயா என்று நானும் சொல்கிறேன். போன வாரம் டாக்டர் கேட்டபோது தன் பெயரே வரவில்லை. உங்கள் செல்லப் பெயர் மட்டும் இன்னும் மறக்கவில்லை. லிஃப்ட் சத்தம் கேட்டால் அதைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு வாசல் கதவையே பார்க்கிறார்.

சம்மதிக்காதீர்கள். அந்தப் பெயர் அவர் வாயில் இருக்கும்போதே வந்துவிடுங்கள்.

வழி பார்த்திருக்கும்
உங்கள் மனைவி