சவரியண்ணன் சாகக்கூடாது

அன்பில் எனக்குச் சமமானவனும், பிடிவாதத்தில் இமயமலைக்கே அண்ணனுமான என் மச்சான் ஞானப்பிரகாசத்துக்கு,

நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. இங்கே விவேக்நகரில் எல்லாரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். முதல் வரியே பொய்யாக வந்தது, அடித்துவிட்டேன். என்னைத்தான் உனக்குத் தெரியுமே. நான் ஒரு பல்லியைப் பார்த்தால் தெருமுனைக்குப் போய்ச் சேரும்போது அது முதலையாகியிருக்கும். இன்னும் எனக்கு ரீல் மாமா என்றுதான் பெயர். ஆனால் இந்தக் கடிதத்தில் பல்லி பல்லியாகவே இருக்கும். இருக்க முயற்சி செய்யும்.

விஷயம் உன் பிள்ளை டென்னிசைப் பற்றியது. உன் சங்கத்தைப் பற்றியதும்தான்.

தங்கவயலில் சுரங்கத்தை மூடிய பிறகு உன் அப்பா இறந்தார். சவப்பெட்டி வாங்கக் காசில்லாமல் நீ வீடு வீடாகப் போய் நின்றாய். அந்தக் கதையை என்னிடம் ஆயிரம் தடவை, சரி, ஏழெட்டுத் தடவை சொல்லியிருக்கிறாய். அதனால்தானே பெங்களூருக்கு வந்ததும் நம் ஊர்க் குடும்பங்களைச் சேர்த்துச் சாவுச் சங்கம் ஆரம்பித்தாய்? நீ வைத்தது ஒரே சட்டம். உறுப்பினர் வீட்டில் சாவு என்றால், உடலைக் குளிப்பாட்டும் முன் பொருளாளர் பணத்தோடு வாசலில் நிற்க வேண்டும். அந்த வீட்டார் யாரிடமும் வாய்விட்டுக் கேட்கக் கூடாது.

உனக்குப் பிறகு டென்னிசைப் பொருளாளர் ஆக்கினார்கள். ஞானத்தின் மகன், பெரிய கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் வேலை, வேறென்ன வேண்டும்? அவன் காட்டிய பேங்க் கணக்குத் தாளை ஒருவரும் சரிபார்க்கவில்லை. நானும்தான்.

இந்த வருஷம் திடீரென்று உன் பிள்ளைக்குப் புனிதம் பிடித்தது. நம் சவரியண்ணன் ஞாபகம் இருக்கிறதா? சுரங்கத்துக்குள் முப்பது வருஷம் பாறை உடைத்து, நெஞ்சு முழுக்கக் கல்தூசியை ஏற்றிக்கொண்டு வந்தவர். அவர் படுக்கையில் விழுந்ததிலிருந்து டென்னிஸ் தினமும் ஆபீசுக்கு முன்னால் அங்கே போய் நின்றான். இளநீர் என்ன, மாத்திரை என்ன, தலைகாணி என்ன! சவரியண்ணன் தும்மினால் இவன் ஆட்டோ கூப்பிடுவான். உன் பெண்டாட்டியிடம் நானே சொன்னேன்: "லூர்து, உன் புள்ள தலைக்குப் பின்னாடி ஒளிவட்டம் அடிக்குது. ராத்திரி லைட்டே போடாத, கரண்ட் பில்லு மிச்சம்."

"அப்பா புத்தி அப்படியே வந்திருக்குண்ணா" என்றாள் என் தங்கை. எவ்வளவு சந்தோஷம் அவள் முகத்தில்!

ஒன்றுதான் எனக்கு உறுத்தியது. சவரியண்ணன் மகள் செல்வியிடம் அவன் ஒருநாளும் "எப்படி இருக்கார்?" என்று கேட்கவில்லை. "டாக்டர் எத்தனை நாள் சொன்னாரு?" என்றுதான் கேட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவனைப் படத்துக்கு இழுத்துப் போனேன். பேங்க் காசாளர் ஒருவன் சூதாட்டத்தில் விழுந்து, கடைசியில் பேங்க் பெட்டகத்திலேயே கை வைக்கிற கதை. நான் வழக்கம்போல முன்சீட்டுக்காரருக்கும் சேர்த்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். கதாநாயகன் முதல் தடவை பெட்டகத்தைத் திறக்கிறான். திரும்பிப் பார்த்தால் பக்கத்து சீட் காலி.

வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருந்தான்.

"என்னடா, பாத்ரூமா?"

"படம் போர் மாமா."

"போரா? அவன் லாக்கரத் தொறந்துட்டான்டா!"

"தொறந்தா என்ன இப்போ? திருப்பி வெச்சிடுவான் இல்ல? அதுக்குள்ள எதுக்கு மியூசிக் போட்டு பயமுறுத்துறாங்க?"

மச்சான், சினிமாக் கதாநாயகனுக்காக யாரும் இவ்வளவு கோபப்படுவதில்லை. நான் அவன் கையிலிருந்த போனைப் பார்த்தேன். பச்சைத் திரை, ஓடுகிற கிரிக்கெட் ஸ்கோர், பந்துக்குப் பந்து பந்தயம். அவன் அதை மறைக்கக்கூட இல்லை.

"சவரி தாத்தா செத்தா நானும் செத்தேன் மாமா" என்றான்.

சங்கப் பணம் மொத்தமும் போய்விட்டது. முதலில் தன் சம்பளத்தில் விளையாடியிருக்கிறான், பிறகு இதில் கை வைத்திருக்கிறான். மாதாமாதம் கூட்டத்தில் காட்டிய பேங்க் தாள் அவனே கம்ப்யூட்டரில் திருத்திச் செய்தது. யாராவது ஒருவர் செத்தால் எல்லாம் வெளியே வரும். அடுத்து சாகப்போகிறவர் யார் என்று தெருவுக்கே தெரியும். அந்த இளநீருக்கெல்லாம் இப்போது அர்த்தம் புரிந்தது.

"ஒரே ஒரு மாசம் மாமா. விட்டதப் பிடிச்சிடறேன். அம்மாகிட்ட மட்டும் சொல்லாதீங்க."

அங்கேயே காதைப் பிடித்துத் தாமஸ் சாரிடம் இழுத்துப் போயிருக்க வேண்டும். ஒக்கலிபுரத்திலிருந்து பஸ் பிடித்து வந்து இன்றைக்கும் சங்கத் தலைவர் நாற்காலியில் உட்கார்கிறாரே, அவரிடம். நான் போகவில்லை. லூர்துவின் முகத்தை நினைத்தேன், சரி என்று தலையாட்டினேன். இதை உன்னிடம் எப்படிச் சொல்வேன்?

மறுநாளிலிருந்து தெருவில் இரண்டு புனிதர்கள். அவன் காலையில், நான் மாலையில். சவரியண்ணன் இருமினால் எனக்கு மூச்சு நின்றது. மெயின் ரோட்டில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால், டென்னிசும் நானும் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலை தூக்கி ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். குழந்தை இயேசு கோயிலில் பனைமர உயரத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். சரி, முழ உயரம். என்ன வேண்டிக்கொண்டேன் தெரியுமா? அந்த மனுஷன் பிழைக்க வேண்டும் என்று இல்லை, மேட்ச் முடியும் வரை இருக்க வேண்டும் என்று.

ஒருநாள் காலை செல்வியிடமிருந்து போன். ஓடினோம். அவர் உதடு நீலமாகியிருந்தது. ஆட்டோவில் நடுவில் அவரை உட்கார வைத்து, ஒருபக்கம் நான், ஒருபக்கம் டென்னிஸ். சிக்னலில் வண்டிகள் அடைத்து நின்றன. "டென்ஷன் மாட்கோபேடி சார்" என்று கன்னடத்தில் தைரியம் சொல்லிக்கொண்டே டிரைவர் நடைபாதையில் ஏற்றினான். டென்னிஸ் இடது கையால் சவரியண்ணன் கையைப் பிடித்திருந்தான். குனிந்து அவர் முகத்தைத்தான் பார்க்கிறான் என்று நினைத்தேன். வலது கையில், முழங்காலுக்குக் கீழே, போன். எங்கோ ஆஸ்திரேலியாவில் மேட்ச் நடந்துகொண்டிருந்தது.

எனக்குள் ஏதோ அறுந்தது அப்போதுதான்.

ஆக்சிஜன் வைத்ததும் அவருக்கு மூச்சு திரும்பியது. வீட்டுக்குக் கூட்டிப் போகலாம், ஆனால் அதிக நாள் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். செல்வி வெளியே வந்து கேட்டாள்: "டென்னிஸு, சங்கத்துல ரெடியா இருக்கும் இல்ல? நாங்க யாருகிட்டயும் போய் நிக்க வேணாம் இல்ல?"

"ரெடிக்கா" என்றான் அவன்.

நான் சும்மா இருந்தேனா? "ரெடியா? ஏம்மா, வெள்ளக் குதிர பூட்டின வண்டியில அனுப்புறோம் உங்கப்பாவ!" என்றேன். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். என் வாழ்நாளில் நான் விட்ட ரீல்களில் அதைப் போல அசிங்கமானது ஒன்றில்லை.

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிற ஹாலில் கூட்டம். சுவரில் மாலையோடு உன் படம். டென்னிஸ் அந்த மாதத்துப் பொய்த்தாளைக் கையில் வைத்திருந்தான். நான் எழுந்தேன்.

"சங்கத்துல பணம் இல்ல. டென்னிஸ் எல்லாத்தையும் சூதாடிட்டான். அது தெரிஞ்சும் நான் மறைச்சேன்."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ஹால் முழுக்கச் சிரிப்பு!

"ரீல் மாமா இன்னைக்கு க்ரைம் படம் ஓட்றாரு!"

"மாமா, இன்டர்வெல் எப்போ? டீ குடிக்கணும்!"

"ஏ இருதயம், சும்னே குந்துப்பா" என்று என்னை உட்காரச் சொன்னார் தாமஸ் சார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

நாற்பது வருஷமாக நான் கட்டிய கோட்டை என் தலையிலேயே விழுந்தது. இன்னொரு தடவை சொன்னேன். இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். நான் டென்னிசைப் பார்த்தேன். அவனுக்குக் கதவு திறந்துவிட்டது, மச்சான். ஒன்றுமே செய்ய வேண்டாம், கூடச் சேர்ந்து சிரித்தால் போதும். அவன் உதடு விரிய ஆரம்பித்தது. அதை நான் கண்ணால் பார்த்தேன். அது உன் சிரிப்பு.

மூன்றாவது வரிசையில் செல்வியும் சிரித்துக்கொண்டிருந்தாள். பல நாள் கவலைக்குப் பிறகு வருகிற சிரிப்பு. டென்னிஸ் அவளைப் பார்த்தான். கையிலிருந்த தாளை இரண்டாக மடித்தான். எழுந்து நின்றான்.

"மாமா ரீல் விடல" என்றான். "இந்தத் தாள்தான் பொய்."

அதற்கப்புறம் நடந்த கூச்சலை எழுத மாட்டேன். யாரோ அவன் சட்டையைப் பிடித்தார்கள். போலீசில் கொடு என்றார்கள். கேட்டதில் ஒன்றும் தப்பில்லை. லூர்து எழுந்து போய், நாற்காலி மேல் ஏறி, சுவரிலிருந்து உன் படத்தைக் கழற்றினாள். கழற்றி முந்தானையில் மூடிக்கொண்டு வீட்டுக்கு நடந்துவிட்டாள்.

டென்னிஸ் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டான். ஸ்டேஷனுக்குப் போகும் முன், சவரியண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று தாமஸ் சார் போனார். நானும் போனேன். கேட்டுவிட்டுச் சவரியண்ணன் எங்களைக் கையசைத்துப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"அவன உள்ள போட்டா என் குழிய யாரு தோண்டுறது?" என்றார்.

"குழி தோண்ட ஆள் இருக்கான் அண்ணா" என்றேன்.

"அந்த ஆளுக்குக் குடுக்க உங்ககிட்டதான் காசு இல்லயே. ஞானம் புள்ள தோண்டட்டும். சொரங்கத்துக்காரன் பேரன்தான?"

டென்னிஸ் கையெழுத்துப் போட்ட காகிதம் இப்போது தாமஸ் சார் மேசை டிராயரில் இருக்கிறது. பணத்தைத் திருப்பிக் கட்டுகிற தவணை ஒரு மாதம் தவறினால் அது ஸ்டேஷனுக்குப் போகும்.

போன வியாழக்கிழமை காலை சவரியண்ணன் போய்விட்டார்.

உன் சட்டப்படி டென்னிஸ்தான் முதலில் வாசலில் நின்றான், வெறுங்கையோடு. செல்வி அவனைப் பார்த்தாள். பிறகு தாமஸ் சார் அந்த வாசலிலேயே துண்டை விரித்தார். வந்தவர்கள் போட்டார்கள். செல்வி தலை குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள். எது நடக்கக் கூடாது என்று நீ சங்கம் வைத்தாயோ, அது நடந்தது மச்சான். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் வழக்கமாகத் தோண்டுகிற ஆள் கடப்பாரையைக் கொடுத்துவிட்டு ஓரமாக நின்று சொல்லிக்கொடுத்தார். டென்னிஸ் தோண்டினான். கால் மணி நேரத்தில் கை கொப்புளித்து உடைந்தது. நான் இறங்கப் போனேன். "வேணாம் மாமா" என்றான். மேலே கல் மண், கீழே களிமண். சட்டைப் பையில் போன் இல்லை. அது என்னிடம் இருக்கிறது. மனநல ஆஸ்பத்திரியில் இந்தப் போதைக்கென்றே டாக்டர் இருக்கிறார், செவ்வாய்க்கிழமைதோறும் நானே கூட்டிப் போகிறேன். தேறிவிட்டான் என்று சொல்ல மாட்டேன். நேற்றுக்கூட ஸ்கோர் மட்டும் பார்த்துத் தருகிறேன் என்று போனைக் கேட்டான்.

உன் படம் வீட்டு அலமாரிக்குள் இருக்கிறது, லூர்து வெளியே எடுக்கவில்லை. சங்கம் இழந்தது முழுவதும் திரும்பி வருகிற அன்றைக்கு, அதே ஆணியில் என் கையால் அதை மாட்டுவேன். அவன் சம்பளத்தோடு என் பென்ஷனும் சேர்ந்து போகிறது. மறைத்தவனுக்கும் பங்கு உண்டல்லவா? அதுவரை மாதாமாதம் கூட்டத்தில் எழுந்து, மீதி எவ்வளவு என்று நானே சொல்வேன். நான் சொன்னால் இப்போது யாரும் சிரிப்பதில்லை.

வேறு நாளாக இருந்தால், அந்தக் குழி பாதாளம் வரை போனது, நம் தங்கவயல் சுரங்கத்தையே தொட்டது என்று உனக்கு எழுதியிருப்பேன். டேப் வைத்துப் பார்த்தேன் மச்சான். ஆறடி.

உன் பிள்ளைக்குத் தாய்மாமன்,
உன் மச்சான் இருதயராஜ்