தம்பியின் கடைசிக் குப்பி

மார்ச் 4
தம்பியின் செல்களுக்கு ஊட்டத்திரவம் மாற்றினேன். ஆராய்ச்சிக்குத் தோல் தர ஆள் கிடைக்காமல் அல்லாடியபோது கையை நீட்டியவன். "எடுத்துக்கோக்கா, என் பங்கு சொத்துன்னு வச்சுக்கோ" என்றான். அந்தக் கடுகளவு தோல் இன்னும் பெருகுகிறது. காரணம் தெரியாத ஒரு நோய் அவனைக் கொண்டுபோய் ஒரு வருஷமாகப் போகிறது.

மார்ச் 9
செல் பிரியுமுன் டிஎன்ஏ முழுவதையும் நகலெடுக்க வேண்டும். ஒரே மூச்சில் எடுக்காது. உட்கருவின் உட்பகுதியில் நூற்றுக்கணக்கான புள்ளிகளில் ஆரம்பிக்கும். ஓரத்தை ஒட்டிச் சுருண்டு கிடப்பது பிறகுதான். முதலில் நகலாகும் இடத்தில் சிவப்பு ஒட்ட ஒரு மருந்து, சில மணி கழித்து பச்சைக்கு இன்னொன்று. இருந்த தட்டுகள் எல்லாவற்றுக்கும் இன்று ஊற்றிவிட்டேன்.

மார்ச் 13
படத்தில் ஓரம் சிவப்பு, நடுவில் பச்சை. தலைகீழ்! பேராசிரியர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். இதுதான் அவனைக் கொன்றதா? ஒரு காரணமாவது— வாய் சும்மா இருக்கவில்லை. காரணம் அகப்பட்டுவிடும் போலிருக்கிறது, பிறவியிலேயே செல்லில் கோளாறு என்று அம்மாவிடம் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள்.

மார்ச் 15
அம்மா சாப்பிடவில்லை.

மார்ச் 16
மைக்ரோஸ்கோப்பில் படம் எடுத்துத் தரும் அண்ணன் கூப்பிட்டார். "ஒப்பிட்டுப் பாக்க வச்சோமே, வேற ஆளோட செல்லு, அதுவும் தலைகீழாத்தாம்மா இருக்கு. மருந்தை மாத்தி ஊத்திட்டியா?"
ஊற்றியிருக்கிறேன். இரண்டும் தண்ணீர் போலத்தான் இருக்கும். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். குழம்பிய நாளின் படம் எதற்கும் ஆகாது, திரும்பச் செய் என்கிறார் பேராசிரியர். தட்டுகளில் இருந்தவை தீர்ந்துவிட்டன, உறைபெட்டியில் தம்பியுடையது ஒரே ஒரு குப்பிதான். பெருகிப் பெருகி வயதாகிவிட்ட செல்கள், எடுத்தால் இந்த ஒரு முறைதான்.

மார்ச் 20
விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். அம்மா முகத்தைப் பார்த்தபின் குப்பியை எடுத்துவிட்டேன். உருகும்வரை கையிலேயே வைத்திருந்தேன். அழுதேன்.

ஏப்ரல் 2
நடுவில் சிவப்பு, ஓரத்தில் பச்சை. எல்லாரையும் போல. இனி அவனுடையது எதுவும் இல்லை, காரணமும் இல்லை.
வீட்டுக்கு வந்து, தப்பு என்னுடையது, அவன் செல்லில் கோளாறே இல்லை என்றேன். அம்மா என் பக்கம் திரும்பினாள். "அப்போ என் வயித்துலேருந்து அவனுக்கு ஒண்ணும் வரலையா?"
இத்தனை நாள் இதையா சுமந்தாள்? அந்தப் படம் அதற்குப் பதில் சொல்லாது. நகல் எந்த வரிசையில் நடக்கிறது என்பதை மட்டும்தான் சொல்லும். தெரிந்தேதான் சொன்னேன்—
"இல்லம்மா, வரல."
தட்டை எடுத்து வைத்துச் சாப்பிட உட்கார்ந்தாள்.