மாப்பிள்ளை கொடுத்த கம்ப்யூட்டர்

12.8.2000, சனி

மாப்பிள்ளை வாங்கித் தந்த கம்ப்யூட்டர் எழுந்திருக்கவே கால் மணி ஆகிறது. "திருட்டுப் பய, பழைய சாமானைத் தலையில கட்டிட்டான்" என்று ஒரு மாதமாகத் தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தேன்.

இன்று மகளோடு வந்தார். நான் விடவில்லை. "இன்னா மாப்ளே, இது கண்ணு முழிக்கறதுக்குள்ள மைன்ஸ்ல ஆளுங்கள எறக்குற கேஜ் நாலு தபா ஷாஃப்ட்ல எறங்கி ஏறிடும்."

அவர் சிரிக்கவில்லை. "இத்த எப்பிடி மாமா நிறுத்துறீங்க?"

"ஷிஃப்ட் முடிஞ்சா மெயின் சுவிட்சை இழுத்து உட்டுடணும். மைன்ஸ்ல முப்பது வருசமா அதானே செய்றேன்?"

"அதான் கோளாறு. கரண்ட்டைப் புடுங்கினா, எதுனா கெட்டுச்சான்னு மறுநாள் உள்ள பூரா தேடிட்டுத்தான் எழுந்திருக்கும்." திரையிலேயே முறையாக மூடிவிட்டு மறுபடி போட்டார். ஒரே நிமிடத்தில் வந்துவிட்டது.

"திருடன்னு சொன்ன வாயால இதையும் தெருவுல சொல்லுங்க. அப்பதான் இந்த வாசப்படி மிதிப்பேன்."

மகளும் செருப்பை மாட்டினாள். "சொல்லிட்டுக் கூப்புடு நைனா."

கோபம் அடங்கவில்லை. முதல் நாளே சொல்லித் தந்திருக்கலாமே அவன்? நாளை குழாயடியில் நான் வாயைத் திறந்தால் அத்தனை பேரும் சிரிப்பார்கள். நான் யாரைக் கேலி பண்ணாமல் விட்டு வைத்தேன்? சொல்லாவிட்டால் மகள் வரமாட்டாள். அதில் பக்கத்து வீட்டுக்காரனுக்கு, கேஜை இழுக்கிற வின்ச் டிரைவருக்குத்தான், என் மேல் ஆத்திரம் அதிகம். அவனிடம் ஒரு தடவை சொன்னால் போதும், தெருவுக்குச் சொல்வதை அவனே பார்த்துக்கொள்வான்.