வாசல் பக்கம் திரும்பிய பிரசங்கம்

இன்று காலையில் பெண்பிள்ளைகள் விடுதிக்குப் பின்னால் கல்லடுப்பு கூட்டினார்கள். ஆட்டுக்கறியும் கத்தரிக்காயும் ஒரே கொப்பரையில் கொதிக்கும் வாடை என் அறை வரைக்கும் வந்தது. அறுப்பு முடிந்த நன்றிக்காகச் சபை முழுவதும் கூடி உண்ணும் அசனம், இங்கே பாளையங்கோட்டையில் இன்றைக்கு. ஆண்டு முழுவதும் கேட்ட பிரசங்கத்துக்கு அன்றைக்குத்தான் பரீட்சை என்பீர்கள். பிள்ளைகளை வரிசையாக அனுப்பிவிட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இறந்தவருக்கு எழுதுவது நம் சபை வழக்கம் அல்ல. புருஷனுக்கு எழுதுவது அதைவிட வேடிக்கை. உயிரோடு இருந்தபோது உங்களுக்கு நான் ஒரு வரிகூட எழுதியதில்லை, எழுதும் தூரத்தில் நாம் இருந்ததும் இல்லை.

ஸ்ரீவைகுண்டத்துக்கு மேற்கே, ஆற்று வாய்க்கால் ஓரத்து அந்த ஊருக்கு, சபையை நடத்தும் உபதேசியாராக நீங்கள் போனபோது எனக்குப் பெரிய நிம்மதி. நல்ல காரை வீடு, கொல்லையில் கிணறு, கேட்காமலே வந்து சேரும் வாழைத்தார். நம் வேதக்கோயில் பழையது. முன்பக்கம் கோரைப்பாய் விரித்து நிலக்காரக் குடும்பங்கள் உட்காரும். பின்னால், வாசலை ஒட்டி, வெறுந்தரையில் வாய்க்காலுக்கு அக்கரையிலிருந்து வந்தவர்கள் உட்காருவார்கள். அவர்கள் புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்கள், முன்னால் இருப்பவர்களின் வயலில் வேலை செய்பவர்கள். இப்படித்தான் இருக்கும் என்று நான் நினைத்தேன். நீங்கள் முதல் ஞாயிறே அதைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். ஆனால் ஒன்றும் சொல்லவில்லை.

சொல்ல வைத்தது அந்த முதல் அசனம். நிலக்காரர்கள் மட்டும் உட்காரும் முதல் பந்தியில், யார் அழைத்தார்களோ தெரியாது, அக்கரைப் பாக்கியத்தின் மாமனார் வந்து உட்கார்ந்துவிட்டார். கண் மங்கிய கிழவர். எது யாருடைய வரிசை என்று அவருக்குத் தெரியவில்லை. இலை போட்டுச் சோறும் வைத்த பிறகு ஒருவர் வந்து அந்த இலையை மடித்து எடுத்துக்கொண்டு போனார். சத்தம் ஒன்றும் இல்லை. கிழவர் கொஞ்ச நேரம் வெறுந்தரையைத் தடவிப் பார்த்துவிட்டு எழுந்துபோனார். நீங்கள் அன்றைக்குச் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன்.

மறுவருஷம், கார் நெல் அறுப்பு முடிந்த அசனத்தன்று, அதையே பிரசங்கித்தீர்கள். பேர் சொல்லவில்லை. நற்கருணையில் ஒரே அப்பத்தையும் ஒரே பாத்திரத்தையும் பகிர்ந்துவிட்டு வெளியே வந்து இரண்டு பந்தி போட்டால், உள்ளே செய்தது நாடகம் என்றீர்கள். இன்று ஒரே பந்தி என்று சொல்லி முடித்தீர்கள். வெளியே பந்தல் நிறைய இலை போட்டிருந்தது. முன்னால் இருந்தவர்கள் நகரவில்லை. பின்னால் இருந்தவர்களும் நகரவில்லை. நீங்கள் பாக்கியத்திடம் போய், “வா” என்று அழைத்தீர்கள். புருஷனை இழந்தவள், நடவுக் கூட்டத்துக்குத் தலைவி, அக்கரையில் அவள் சொன்னால் மற்றவர்கள் கேட்பார்கள்.

“நீங்க சொல்லிட்டிய ஐயா. நாளைக்கு நடுவைக்கு எங்கள யாரு கூப்பிடுவா?” என்றாள்.

முதல் பந்தி முடியும் வரை வேப்பமரத்தடியில் நின்றீர்கள். பிறகு அவர்களோடு கடைசியாக உட்கார்ந்து சாப்பிட்டீர்கள். வீட்டுக்கு வந்ததும் நான் கேட்டேன்: “அவங்களே கேக்காத நியாயத்த நீங்க எதுக்குக் கேக்குதிய?” எனக்கு அந்த வீட்டின் மேல் ஆசை இருந்தது என்பதும் உண்மைதான்.

அடுத்த ஞாயிறு பாய்கள் சுருட்டியபடியே கிடந்தன. சபை மூப்பர் ஆசீர்வாதம் அண்ணாச்சி வரவில்லை. அவர் வராததால் மற்ற நிலக்காரர்களும் வரவில்லை. பக்கத்து ஊர்க் கோயிலுக்கு வண்டி கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். வாசலோரம் மட்டும் அக்கரைக்காரர்கள். முன்னால் வாருங்கள் என்றீர்கள். காலியாகக் கிடந்த இடத்துக்கும் அவர்கள் வரவில்லை. ஆளில்லாவிட்டாலும் அது இன்னொருவர் இடம்.

அப்போது நீங்கள் பிரசங்க பீடத்தை விட்டு இறங்கி, கோயிலின் நீளம் முழுக்க நடந்துவந்து, வாசற்படியில் நின்று அவர்களைத் திரும்பச் சொன்னீர்கள். அவர்கள் உட்கார்ந்தபடியே வாசலைப் பார்த்துத் திரும்பினார்கள். பின்வரிசை முன்வரிசை ஆகிவிட்டது. வெயில் உங்கள் முதுகில் அடித்தது, முகம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அன்றைய பிரசங்கத்தில் என்ன சொன்னீர்கள் என்பது எனக்கு மறந்துவிட்டது. நானும் முன்னாலிருந்து வந்து திரும்பி உட்கார்ந்ததும், இதுவரை என் முதுகை மட்டுமே பார்த்திருந்த பெண்கள் என் பக்கத்தில் இருந்ததும் நினைவிருக்கிறது.

பாக்கியம் பயந்ததுதான் நடந்தது. மழைக்காலப் பிசான நடவு வந்தபோது அண்ணாச்சி கீழே கொற்கைப் பக்கத்திலிருந்து ஆள் கொண்டுவந்தார். அக்கரையில் அடுப்பு எரியவில்லை. நம் வீட்டு நெல் குதிர் காலியாவதைப் பார்த்துக்கொண்டே நான் அவர்களுக்குக் கஞ்சி காய்ச்சினேன், மனம் ஒப்பித்தான் காய்ச்சினேன் என்று சொல்ல மாட்டேன். நீங்கள் அண்ணாச்சி வீட்டுக்குப் போனீர்கள். அவர் வீட்டம்மாளுக்கு ஒரு பொட்டலம் ஓமம் கொடுக்க நானும் கூட வந்தேன்.

அண்ணாச்சி கெட்டவர் அல்ல. உங்களுக்கு நாற்காலி போட்டு, மோர் கொடுத்து, அமைதியாகத்தான் பேசினார்.

“கோயில் விஷயம் கோயிலோட இருக்கட்டும்வே. வயக்காட்டுக்குள்ள நீரு எதுக்கு வாரீரு?”

“கோயில்ல சொன்னது வயக்காட்டுக்கு ஆகாதுன்னா, அத நான் எங்க சொல்ல அண்ணாச்சி?” என்றீர்கள்.

மோரை முழுவதும் குடித்துவிட்டுத்தான் எழுந்தீர்கள்.

பிறகு மழை இறங்கியது. கொற்கைப் பக்கத்திலும் நடவு தொடங்கவே, வந்த ஆட்கள் பாதி வயலை அப்படியே விட்டுவிட்டுத் தங்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருந்தது. ஆள் அனுப்பிப் பார்த்தும் அக்கரையிலிருந்து யாரும் வராததால், அண்ணாச்சியே குடை பிடித்துக்கொண்டு வாய்க்கால் கரைக்கு வந்தார். நான் அப்போது அங்கே துணி துவைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் ஊரில் இல்லை, பல சபைகளுக்கும் மேலான குருவானவர், சேகரத்து ஐயர், அழைத்துப் போயிருந்தீர்கள்.

பாக்கியம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள். “வாரோம் ஐயா. நாத்து அழிஞ்சா எங்களுக்கும் வயிறு எரியத்தான் செய்யும். ஆனா அடுத்த அசனத்துல நாங்களும் முதப் பந்தியில உக்காருவோம். இலைய யாரும் எடுக்கக் கூடாது.”

அண்ணாச்சி வயலைப் பார்த்தார். “சரி, வாங்க” என்றார். அவ்வளவுதான்.

கூலியைக் கூட்டிக் கேட்பாள் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். அன்று மாலை நீங்கள் வந்ததும் சொன்னேன். நீங்கள் செருப்பைக்கூடக் கழற்றாமல் இன்னொரு முறை சொல்லச் சொன்னீர்கள்.

அண்ணாச்சி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அதற்கு முன்பே, நீங்கள் அங்கே இருப்பது சமாதானத்துக்கு உதவாது என்று மேலிடத்தில் சொல்லி, கோடையில் உங்களை மாற்றவும் வைத்தார். இரண்டையும் அவர் நேர்மையாகவே செய்தார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். நமக்குக் கிடைத்தது தெற்கே தேரிக்காட்டு ஊர். செம்மண், பனை, உப்புத் தண்ணீர்.

அங்கேதான் பாக்கியம் நம்மைத் தேடி வந்தாள், அசனம் முடிந்த பிறகு. தலையில் ஒரு சீப்பு ஏலரிசி வாழைப்பழம், காலெல்லாம் சிவப்புப் புழுதி. முதல் பந்தியில் எல்லோரும் உட்கார்ந்ததைச் சொன்னாள். அண்ணாச்சி பந்திக்கு வரவில்லை. வீட்டம்மாளை அனுப்பினார், அந்த அம்மாள் கிழவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

“நான் சொன்னதால இல்ல பாக்கியம், நாத்து முத்துனதால” என்றீர்கள். வருத்தமாகச் சொல்லவில்லை. உங்களுக்கு அப்படித்தான் தோன்றியிருந்தது. எனக்கும்.

அவள் பழத்தை எடுத்து வைத்துக்கொண்டே சொன்னாள்: “நாத்து வருசா வருசம் முத்தத்தான் செய்யுது ஐயா. நீங்க எங்களப் பாத்து நின்னு பேசின பெறகுதான் எனக்குக் கேக்க வாய் வந்துச்சு.”

நீங்கள் எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டீர்கள். நான் அவளுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தேன்.

தேரியில் உங்கள் பிரசங்கங்கள் குறுகிவிட்டன. சனிக்கிழமைகளில் பனைத் தொழிலாளர் குடிசைகளுக்குப் போய், நாளைக்கு இன்னது பேசப் போகிறேன், பேசினால் உங்களுக்கு என்ன ஆகும் என்று கேட்டுவிட்டு வருவீர்கள். சில சனிக்கிழமைகளில் வேண்டாம் என்பார்கள். ஞாயிறன்று வேறு ஏதாவது பேசுவீர்கள். உங்களுக்குத் தைரியம் குறைந்துவிட்டது என்று சேகரத்து ஐயர் ஒருமுறை என்னிடமே சொன்னார். மறு ஆண்டு காய்ச்சலில் நீங்கள் போனீர்கள்.

இப்போது இந்தப் பெண்பிள்ளைகள் விடுதிக்கு நான் மேற்பார்வை. இங்கே சமைக்கும் பெண்கள் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போனதே இல்லை. எல்லோரும் கோயிலில் இருக்கும் நேரத்தில்தான் அவர்கள் உலை வைக்க வேண்டும். இதை மேலிடத்தில் சொல்ல வேண்டும் என்று போன மாதமே தீர்மானித்து, என்ன பேசுவது என்றும் யோசித்து வைத்துவிட்டேன். போவதற்கு முன் அடுப்படியில் போய் உட்கார்ந்து அவர்களிடம் கேட்டேன். இருவர் சொல்லுங்கள் என்றார்கள். மூன்றாமவள் அரிசி களைந்துகொண்டே, “மகளுக்கு ஐப்பசியில கல்யாணம். அதுவர பொறுங்கம்மா, வேலை போச்சுன்னா நான் என்ன செய்வேன்?” என்றாள்.

ஐப்பசி வரட்டும் என்று இருக்கிறேன்.