போட்டோவுக்குப் பார்த்த வைத்தியம்

திருச்செங்கோடு தாலுகா
18-4-85

அன்பும் மரியாதையும் உள்ள கணவர் வேலுமணி அவர்களுக்கு, உங்கள் மனைவி சௌந்திரம் எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் அம்மாவுக்குச் சுகம். மாட்டுக்கும் கன்றுக்கும் சுகம். என் சுகத்தைப் பற்றித்தான் கடிதம் முழுக்க எழுதப்போகிறேன். அதனால் ஆபீசில் நாலு பேருக்கு நடுவில் பிரிக்காமல் தனியாக உட்கார்ந்து படியுங்கள். ஐதராபாத் வெயிலும் போர் போடும் ரிக் வண்டிப் புழுதியும் உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று எழுதவும். எவ்வளவு கோபத்தில் இருந்தாலும் இதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முகப்பருவுக்கு என்று, கம்பெனி வண்டியில் ஊருக்கு வந்த சடையனிடம் நீங்கள் கொடுத்தனுப்பிய கேப்ஸ்யூலை நிறுத்திவிட்டேன். இனி ஒன்றுகூட விழுங்க மாட்டேன். முகம் சரியாகாவிட்டால் வைகாசியில் முதலாளி மகள் கல்யாணத்துக்கு நீ வரவேண்டாம், உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லிக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தீர்களே, அதற்கும் இதில் பதில் இருக்கிறது. காரணத்தைத் தேடிக் கடைசிப் பக்கத்துக்குத் தாவாதீர்கள். நான் பட்டதெல்லாம் வரிசையாகத்தான் பட்டேன், நீங்களும் வரிசையாகவே படியுங்கள்.

என் முகத்தில் பரு இருப்பது உங்களுக்குப் புதுச் செய்தியா? பெண் பார்க்க வந்த அன்றைக்கே இருந்தது. நான் குனிந்துதான் நின்றேன். உங்கள் பெரியம்மா பொன்னாத்தாள் முகவாயைப் பிடித்து நிமிர்த்தி, மாட்டுச் சந்தையில் பல் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். "வயசுப் பருதானுங்க, கண்ணாலமானா மறைஞ்சு போயிரும்" என்று அவர்களே சொன்னார்கள். நீங்களும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தீர்கள். கல்யாணம் ஆனது, பரு மறையவில்லை. அது என் குற்றமா, உங்கள் பெரியம்மாவின் குற்றமா?

பொங்கலுக்கு வந்தீர்கள். பட்டப்பகலிலும் என்னைப் பார்த்தீர்கள், விளக்கு வெளிச்சத்திலும் பார்த்தீர்கள். கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பேசினீர்கள். ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை. ஆனால் பொங்கல் கடைசி நாள் பூப்பறிக்கும் நோம்பியன்று எல்லோருமாக நின்று எடுத்துக்கொண்ட போட்டோ ஐதராபாத் வந்து சேர்ந்ததும் உங்களுக்கு என் முகம் ஆகாமல் போய்விட்டது. கூட வேலை செய்யும் மணியன் அதைப் பார்த்துவிட்டு, "இது யாரு, உன்ற சம்சாரமா? கண்ணாலப் போட்டோவுல வேற மாதிரி இருந்துச்சே" என்று கேட்டாராம். உங்களுக்குத் தலை தூக்க முடியவில்லையாம். இதை எனக்கே எழுதுகிறீர்கள். மணியனை நாலு கேள்வி கேட்கத் தெரியவில்லை, என்னிடம் வந்து கண்ணைக் கசக்குகிறீர்கள்.

கல்யாணப் போட்டோவில் இருப்பது நான் இல்லை என்று உங்களுக்குத் தெரியாதா? ஸ்டுடியோக்காரர் நெகட்டிவில் பென்சிலை வைத்துத் தேய்த்து, "பாப்பா மொகத்தைச் சும்மா பளிங்காட்டம் பண்ணிட்டனுங்க" என்று பெருமையாகக் காட்டினார். வெளியே வந்து நாம் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பருவோடு சேர்த்து என் மச்சத்தையும் அழித்துவிட்டான் பாவி என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அன்றைக்குச் சிரித்த ஆள் இன்றைக்கு அந்தப் பென்சில் முகத்தைக் கொண்டுவா என்று என்னைக் கேட்டால் நான் எங்கே போவேன்? ஸ்டுடியோக்காரரைத்தான் கேட்க வேண்டும்.

சரி, புருஷன் ஆசைப்படுகிறார், நமக்கும் முகம் தெளிந்தால் நல்லதுதானே என்றுதான் கேப்ஸ்யூலை வாங்கி வைத்தேன். எனக்கும் கண்ணாடி பார்க்க ஆசை இல்லாமலா இருக்கிறது? காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று சடையன் சொல்லிவிட்டுப் போனான். உங்கள் சிநேகிதரின் மைத்துனர் டாக்டராம், போட்டோவைக் காட்டியதும் உடனே எழுதிக் கொடுத்தாராம். எனக்கு அப்போதே சிரிப்பு வந்தது. போட்டோவில் என் முகம் புளியங்கொட்டை அளவுகூட இல்லை. அதில் எந்தப் பருவைப் பார்த்தாரோ அந்தப் புண்ணியவான்.

இதில் உங்கள் அம்மா வேறு சேர்ந்துகொண்டார். இங்கிலீஷ் மாத்திரை என்றாலே சூடு என்பது அத்தையின் முடிவு. "ஏஞ்சாமி, அத்தனை சூட்டு மாத்திரைய வெறுந்தண்ணியில முழுங்குனா கொடலு என்னத்துக்கு ஆகும்? பால் தாரேன், அதுல முழுங்கு" என்று இரண்டு வேளையும் சொம்பு நிறையப் பசும்பாலைக் கொண்டுவந்து முன்னால் நிற்பார். எனக்குப் பால் என்றால் சின்ன வயதிலிருந்தே குமட்டல். வேண்டாம் அத்தை என்றாலும் விடுவதில்லை. சொம்பு காலியாகும்வரை அந்த இடத்தைவிட்டு நகர மாட்டார். போன கடிதத்தில் நான் அத்தையைப் பற்றி எழுதியதெல்லாம் இந்தப் பாலினால் வந்த எரிச்சல்தான். அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துப் போட்டுவிடுங்கள். ஏன் என்று பின்னால் தெரியும்.

மாசியும் போய்ப் பங்குனியும் வந்தது. பரு ஒன்றுகூட அசையவில்லை. அதற்குப் பதில் வாந்தி வந்தது. காலையில் எழுந்தால் வாசற்படி தாண்டுவதற்குள் வாந்தி. நாள் தள்ளிப் போனதையும் மாத்திரைச் சூடு என்றே நானும் அத்தையும் நினைத்துக்கொண்டோம். சூட்டுக்கு இன்னும் கொஞ்சம் பால் கூடியதுதான் மிச்சம். முடியவில்லை, நிறுத்திவிடட்டுமா என்று உங்களுக்கு எழுதினேன். நீங்கள் என்ன பதில் போட்டீர்கள் என்று நினைவிருக்கிறதா? "நீ ஒழுங்காகச் சாப்பிட்டிருக்க மாட்டாய். ஊரில் எல்லோருக்கும் கேட்கிற மருந்து உனக்கு மட்டும் ஏன் கேட்கவில்லை? இனி வேளைக்கு இரண்டாகப் போடு. வாந்தி தானாக நிற்கும்." மாமா, இந்த நாலு வரியைப் படித்த அன்று நான் சோறு உண்ணவில்லை. ஒரு மனுஷி முடியவில்லை என்று எழுதினால், என்ன முடியவில்லை என்று கேட்பதல்லவா முதல் காரியம்?

நீங்கள் சொன்னபடி இரண்டாகவும் போட்டேன். போட்ட மறுநாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனவள் தொட்டியோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கண் இருட்டிவிட்டது. அத்தை பதறிப்போய், மாத்திரை அட்டையை மடியில் செருகிக்கொண்டு என்னைப் பஸ் ஏற்றித் திருச்செங்கோட்டில் லேடி டாக்டரிடம் கூட்டிப் போனார். போனதும், "இந்த மாத்திரைச் சூட்டைத் தணிக்கிறதுக்கு ஒரு ஊசி போடுங்க" என்று டாக்டருக்கே வைத்தியம் சொன்னார். டாக்டரம்மா ஊசியை எடுக்கவில்லை. என்னைப் படுக்க வைத்துப் பார்த்தார். பிறகு கையைக் கழுவிக்கொண்டே, சூடும் இல்லை ஒன்றும் இல்லை, உங்கள் மருமகள் முழுகாமல் இருக்கிறாள், மூன்று மாதம் ஆகிறது என்றார்.

ஆமாம். அதுதான் செய்தி. இப்படி ஒரு கோபக் கடிதத்தின் நடுவிலா இதை உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று எழுதும்போதே எனக்கு அழுகை வருகிறது. நேரில் சொல்லி உங்கள் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும் என்று கல்யாணமான நாளிலிருந்து நினைத்து வைத்திருந்தேன். அதையும் கெடுத்துவிட்டீர்கள்.

சந்தோஷப்படக்கூட டாக்டரம்மா எங்களுக்கு நேரம் கொடுக்கவில்லை. அட்டையைத் திருப்பி டெட்ராசைக்ளின் என்று படித்ததும் அவர் குரலே மாறிவிட்டது. யார் கொடுத்தது என்றார். வீட்டுக்காரர் அனுப்பினார் என்றேன். அவர் டாக்டரா என்றார். போர் போடும் கம்பெனியில் மேனேஜர் என்றேன். பருவுக்கு இந்த மருந்தைக் கொடுப்பது உண்டுதான், அதில் தப்பில்லை, ஆனால் ஆளைப் பார்த்து, வயிற்றில் பிள்ளை இருக்கிறதா என்று கேட்டுத்தானே கொடுக்க வேண்டும் என்று சத்தம் போட்டார். பிள்ளைக்கு எலும்பும் பல்லும் உருவாகும் காலத்தில் இது போய் அதில் படிந்துவிடுமாம். முளைக்கிற பல் மஞ்சளாகக் கறைபிடித்து முளைக்குமாம். தேய்த்தாலும் போகாதாம். அத்தை நாற்காலியை விட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பிறகுதான் டாக்டரம்மா, இதை எப்படிச் சாப்பிட்டாய் என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அத்தை அழுதுகொண்டே, "பால்லதானுங்க குடுத்தேன், ஒரு வேளைகூட வெறுந்தண்ணியில குடுக்கலைங்க, நான் நல்லதுன்னு நெனச்சுத்தானுங்க குடுத்தேன்" என்றார். டாக்டரம்மா அட்டையைக் கீழே வைத்தார். அப்புறம் சிரித்துவிட்டார். இந்த மருந்துக்கும் பாலுக்கும் ஆகாதாம். பாலில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து அதைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம், பாதிக்கு மேல் உடம்பில் ஏறாதாம். அதனால்தான் பரு போகவில்லை, மருந்து உள்ளே போனால்தானே போகும் என்றார். பல் உருவாவது இனிமேல்தான், இத்தோடு நிறுத்திவிட்டால் பயப்பட வேண்டியதில்லை என்றும் தைரியம் சொன்னார். அத்தைக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் என் கையை விடவே இல்லை.

ஊருக்குக் கேட்கிற மருந்து எனக்கு ஏன் கேட்கவில்லை என்று கேட்டீர்களே, தெரிந்துகொண்டீர்களா? நீங்கள் ஆசைப்பட்டபடி என் முகம் தெளிந்திருந்தால் அந்த மருந்து முழுசாகப் பிள்ளைக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். இப்போது கண்ணாடியில் இந்தப் பருக்களைப் பார்க்கும்போது எனக்கு வெட்கமாக இல்லை. நன்றாக இருங்கள் என்று சொல்லத் தோன்றுகிறது.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். கிணறு காய்ந்த தோட்டத்துப் பண்ணாடி யாராவது, நிலத்தைப் பார்க்காமலே போர் போடப் பாயிண்ட் குறித்துக் கொடு என்றால் நீங்கள் செய்வீர்களா? காட்டுக்குள் கால் வைக்காமல் கம்பியை இறக்க மாட்டேன் என்று எத்தனை பேரிடம் சண்டை போட்டிருக்கிறீர்கள்! ஒரு காட்டுக்கு இருக்கிற மரியாதை பெண்டாட்டி உடம்புக்குக் கிடையாதா? பாதி உடம்பைப் பெண்டாட்டிக்குக் கொடுத்துவிட்டு நிற்கிற சாமி இருக்கிற ஊர்க்காரர் நீங்கள். என்னைப் பந்தலில் பக்கத்தில் நிறுத்திக்கொள்ள உங்களுக்குக் கூச்சம்.

நாளைக்கு நமக்குப் பெண் பிறந்து, அவளுக்கும் வயசு வந்து, என்னைப்போலவே முகம் முழுக்கப் பரு வந்தால் என்ன செய்வீர்கள்? அவளையும் உடம்பு சரியில்லை என்று சொல்லி வீட்டிலேயே விட்டுவிட்டு விசேஷத்துக்குப் போவீர்களா?

முதலாளி வீட்டுக் கல்யாணத்துக்கு நான் வருகிறேன். கூறைச் சேலையைக் கட்டிக்கொண்டு, பவுடர்கூட அப்பாமல், இதே முகத்தோடு வருகிறேன். மணியன் வந்தால் அவரிடமும் நானே பேசிக்கொள்கிறேன். நீங்கள் என் பக்கத்தில் நிற்பதும் தள்ளி நிற்பதும் உங்கள் இஷ்டம். ஆனால் எங்கே நின்றீர்கள் என்பதை நான் மறக்க மாட்டேன்.

மிச்சம் இருந்த கேப்ஸ்யூலை அத்தை எருக்குழியில் போட்டார். பிறகு கோழி கொத்திவிடுமோ என்று பயந்து, திரும்பப் பொறுக்கி எடுத்து ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தார். "அவன் வரட்டும், கேக்கறேன்" என்று நேற்றிலிருந்து மாட்டிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்கு வாந்தி கொஞ்சம் மட்டுப்பட்டிருக்கிறது. புளிப்பு மாங்காய்க்கு நாக்கு அலைகிறது. உங்கள் நினைப்பும் வருகிறது, அதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

வெயிலில் வெறுந்தலையோடு ரிக் அடியில் நிற்காதீர்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள். மலைமேல் இருக்கிற சாமி உங்களுக்கு ஒரு குறையும் வைக்காமல் காப்பாற்றட்டும். சடையன் இந்தப் பக்கம் வரும்போது மருந்து, பண்டம், சேலை எதையும் அவனிடம் கொடுத்தனுப்ப வேண்டாம். அனுப்புவதானால் உங்களையே அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டில், உங்கள் பிள்ளையோடு இருக்கும்
சௌந்திரம்