நீ மாதாமாதம் அனுப்பும் ஸ்ட்ரிப் டப்பா

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீ உடம்பும் மனசும் நன்றாக இருக்கவேண்டும், வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கவேண்டும். இங்கே நான் நலம், அத்தை நலம். அப்பாவும் நலம் என்று அதே மூச்சில் எழுதிவிடத்தான் கை போகிறது, எழுத முடியவில்லை, அதற்காகத்தான் இந்தக் கடிதமே. போனில் சொன்னால் என்ன என்று நினைப்பாய். நம் வீட்டுப் போன் சங்கதி உனக்குத் தெரியாததா. இருப்பது நல்ல போன் ஒன்று, அதுவும் பகலெல்லாம் அப்பாவோடு பள்ளி வேனில் போகிறது. நீ கூப்பிட்டால் ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைத்து நாற்காலியை இழுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். "மேனேஜரம்மா பேசறாங்க, டீவியை அணைங்கப்பா" என்பார், அணைப்பதும் அவரேதான். அதில் நான் எதைச் சொல்ல. நீயும் பாதி கேட்டவுடன் பதறிப்போய் அவரிடமே கேட்டுவிடுவாய். எங்கள் பள்ளிக் கணக்கு டீச்சரின் தங்கை புதன்கிழமை நீ இருக்கும் ஊருக்கு விமானம் ஏறுகிறாள், அவள் பையில் இதையும் ஒரு சின்னப் பொட்டலத்தையும் கொடுத்தனுப்புகிறேன். முழுவதும் படித்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு அப்புறம் போனை எடு.

வீட்டுச் செய்தி பெரிதாக ஒன்றுமில்லை. துணி துவைக்கும் மெஷின் சுற்றும்போது அறையைவிட்டு வெளியே நடந்து வர ஆரம்பித்திருக்கிறது, அடியில் அட்டையை மடித்து வைத்திருக்கிறேன். உன் அறை ஜன்னல் கொக்கி மாற்றியாகிவிட்டது. பள்ளியில் என் லேபுக்குப் புதிய குழாய் வந்தது, ஆனால் தண்ணீர் பழைய குழாயில்தான் வருகிறது. அத்தைக்கு முழங்கால் வலி பரவாயில்லை, வாய் எப்போதும்போல். இன்று ஞாயிற்றுக்கிழமை, அவள் வீட்டு மிக்சியைப் பார்க்க அப்பா போயிருக்கிறார், அந்த நேரத்தில்தான் எழுதுகிறேன்.

விஷயம் அப்பாவின் சுகர். நீ ஆன்லைனில் மாதாமாதம் தானாக வரும்படி ஏற்பாடு செய்தாயே, விரலைக் குத்தி ரத்தம் தொட்டு மெஷினில் செருகும் அந்த ஸ்ட்ரிப் டப்பா. முதல் டப்பா வந்த அன்று தெருவுக்கே தெரியும். "பொண்டாட்டி இத்தனை வருஷத்துல செய்யாததைப் பொண்ணு அங்கே உக்காந்துகிட்டே செஞ்சுட்டா பாரு" என்று அத்தை என் காதுபடச் சொன்னாள். அது போகட்டும். அன்றிலிருந்து மெஷினில் நல்ல எண் வர ஆரம்பித்தது. நூற்றுப் பத்து, நூற்றுப் பதினெட்டு, மிஞ்சினால் நூற்று இருபது. அப்பா முகத்தைப் பார்க்கவேண்டுமே, பரீட்சையில் பாஸான பையன் மாதிரி மெஷினைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு வருவார். நானும் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்லமாட்டேன், நடக்கிறார், இனிப்பைக் குறைத்தார், அதனால்தான் என்று நம்பினேன். பிறகு மாத்திரையைப் பாதியாக்கினார். டாக்டரிடம் போகும் நாளையும் தள்ளிப்போட்டார். "வீட்டுலயே மெஷின் இருக்கு, அவருக்கு எதுக்கு ஒரு ட்யூப் ரத்தம்" என்றார். ஆனால் மெஷின் ஒன்று சொல்ல, உடம்பு வேறு சொன்னது. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார், பாத்ரூமுக்கு நடந்தபடி இருந்தார், செருப்பு காலைவிட்டுக் கழன்றது தெரியாமல் வாசலைத் தாண்டிப் போனார்.

நடுநடுவே ஒருநாள் முந்நூற்று நாற்பது என்று காட்டும். அப்போது அவர், "இந்த ஸ்ட்ரிப் கெட்டுப்போச்சு" என்று குப்பையில் போட்டுவிட்டு இன்னொன்றை எடுத்துக் குத்திக்கொள்வார், அதில் நூற்றுப் பதினைந்து வரும், முடிந்தது. கொஞ்சநாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. உன் அப்பாவின் கையைத்தான் உனக்குத் தெரியுமே, எது வீட்டுக்குள் வந்தாலும் அதன் டப்பாவிலிருந்து எடுத்து நம் டப்பாவில் கொட்டி, பழையதை வெளியே எறிந்தால்தான் அவருக்கு அது நம்முடையது. சோப்புத் தூளுக்கு பிஸ்கட் டின், ஆணிக்கு ஜாம் பாட்டில். நீ அனுப்பிய ஸ்ட்ரிப்பையும் அப்படித்தான் உன் பழைய ஜாமெட்ரி டப்பாவில் கொட்டியிருக்கிறார். மருந்துக்கடையில் முன்பு வாங்கியதில் மிச்சமிருந்ததும் அதில்தான் கிடந்தது. இரண்டும் கலந்துவிட்டது. உண்மையைச் சொன்னதெல்லாம் பழைய ஸ்ட்ரிப், அதையெல்லாம் பொறுக்கிப் பொறுக்கி எறிந்துவிட்டு, பொய் சொன்னதை வைத்துக்கொண்டிருக்கிறார்.

நான் சும்மா சந்தேகப்பட்டு எழுதவில்லை. லேபில் குளுக்கோஸ் இருக்கிறது, பாகு மாதிரி கரைத்து நீ அனுப்பியதில் ஒன்றைத் தொட்டு வைத்தேன், நூற்றுப் பதினேழு. வெறும் குழாய்த் தண்ணீரை வைத்தேன், நூற்றுப் பதினாறு. சாப்பிட்டுவிட்டு என் விரலைக் குத்திப் பார்த்தேன், அதேதான். போலி, கண்ணு. யாரோ அச்சு அசலாக அட்டைப்பெட்டி அடித்து உள்ளே எதையோ போட்டு விற்றிருக்கிறார்கள். அப்பாவிடம் சொன்னேன். "சர்க்கரைத் தண்ணிக்கு ஏதுடி ரத்தம்? மனுஷனுக்குச் செஞ்ச பொருள்கிட்ட உன் லேப் விளையாட்டைக் காட்டாதே" என்றார். என் விரல் கதையைச் சொன்னேன். "உனக்கும் சுகர் இல்ல, எனக்கும் இல்ல, சந்தோஷப்படேன்" என்றார். மருந்துக்கடையில் புதிதாக வாங்கிவந்து குத்திக் காட்டினேன், முந்நூற்றுக்கு மேல் போனது. "கடைக்காரன் பழைய ஸ்டாக்கை உன் தலையில கட்டிட்டான். ஆன்லைன்ல எல்லாம் புதுசா வரும்" என்றார். எந்தப் பக்கம் போனாலும் என் பொண்ணு அனுப்பினது என்ற இடத்தில் வந்து நிற்கிறார். அங்கே நின்றால் நான் உன்னைக் குறை சொல்கிறவளாக ஆகிவிடுகிறேன்.

அவருக்குத் தெரியாமல் அந்த ஆன்லைன் கடையிலேயே கேட்டுவிடலாம் என்று அவர் குளிக்கப் போன நேரம் போனை எடுத்தேன். "உங்கள் சிரமம் புரிகிறது" என்று உடனே பதில் வந்தது, புரிந்ததோடு சரி. டப்பாவின் அடியில் உள்ள எண்ணைக் கேட்டார்கள், டப்பாதான் குப்பைக்குப் போய்விட்டதே. வாங்கியவர் கணக்கில் இருந்துதான் புகார் தரமுடியும் என்று ரகசிய எண்ணை உன் போனுக்கு அனுப்பினார்கள். அன்று நீ கூப்பிட்டு, "யாரோ என் அக்கவுண்டைத் திறக்கப் பாக்கறாங்கம்மா, உங்களுக்கு எதுவும் போன் வந்துதா" என்று கேட்டாயே, அந்த யாரோ நான்தான். அப்பா, "பாஸ்வேர்டை மாத்திடு மேனேஜரம்மா, ஊரெல்லாம் திருட்டுப் பசங்க" என்று உனக்குப் புத்திமதி சொல்லிக்கொண்டிருந்தார், நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். நீ மாற்றியும்விட்டாய். இப்போது மூன்றாவது டப்பாவும் வந்துவிட்டது. அதை நிறுத்த இங்கே யாராலும் முடியாது. அத்தை வேறு, "எனக்கும் ஒண்ணு போடச் சொல்லு, உன் புருஷனுக்கு மட்டும்தான் சுகரா" என்று தினமும் நச்சரிக்கிறாள்.

இதெல்லாம் நம் வீட்டோடு முடிந்தால் நான் வேறு ஏதாவது வழி பார்த்திருப்பேன். போன வருடம் ஒரு வேன் டிரைவர் ஸ்டியரிங்கிலேயே சாய்ந்துவிட்டாரே, அதிலிருந்து சுகர் உள்ள டிரைவர்கள் திங்கட்கிழமை விடியலில் பள்ளியில் மெஷினில் குத்திக் காட்டிவிட்டுத்தான் வண்டிச் சாவியை வாங்கவேண்டும். "லேப் மேடம் நீங்க இருக்கீங்களே, பாத்து ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க" என்று தலைமையாசிரியை என்னிடம் விட்டுவிட்டார். மெஷினும் ஸ்ட்ரிப்பும் அவரவருடையது. அப்பா ஜாமெட்ரி டப்பாவைத் திறப்பார், குத்துவார், நூற்றுப் பதினைந்தைக் காட்டுவார், நான் கையெழுத்துப் போடுவேன். "வீட்டுலயே டீச்சரம்மா, அண்ணனுக்கு எப்பவும் பாஸ்தான்" என்று மற்ற டிரைவர்கள் கேலி செய்வார்கள், அவரும் சிரிப்பார். போலி என்று தெரிந்த பிறகும் ஒரு திங்கட்கிழமை போட்டேன். மற்றவர்கள் முன்னால் அவரை நிறுத்தி வைக்க மனசு வரவில்லை, அடுத்த வாரத்துக்குள் எப்படியாவது சம்மதிக்க வைத்துவிடலாம் என்று நினைத்தேன்.

அந்த வாரத்தில்தான் நடந்தது. சாயந்திரம் பிள்ளைகளை இறக்கப் போகும்போது குடை பிடித்துக்கொண்டு ஒரு அம்மாள் ரோட்டைக் கடந்திருக்கிறாள். வேன் ஆயா மறுநாள் லேபுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்: "டீச்சர், அண்ணன் அந்த அம்மாவைப் பாக்கவே இல்ல. நான் கத்தினப்புறம்தான் பிரேக்கை மிதிச்சாரு. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க, தங்கமான மனுஷன்." அந்த அம்மாளுக்கு ஒன்றும் ஆகவில்லை. முன் சீட்டில் இருந்த எல்கேஜி குழந்தை கம்பியில் மோதி உதடு கிழிந்து ரத்தம். அப்பா அதைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வீட்டு வாசல்வரை போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தாராம். வீட்டில் என்னிடம், "குடையை ஆட்டிக்கிட்டு வந்தா வண்டி ஓட்டறவன் என்ன பண்ணுவான்" என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. கண் மங்கலாகத் தெரிகிறது என்பது அவருக்கே தெரியும் என்று நினைக்கிறேன். எண் நன்றாக இருக்கும்வரை அதைத் தெரியாததுபோல் வைத்துக்கொள்ளலாம் இல்லையா.

மூன்று நாளாக இதையே சுற்றிச் சுற்றி யோசிக்கிறேன். பள்ளியில் சொன்னால் அவர் வேன் போய்விடும். அவருக்கு வேன் என்றால் சம்பளம் மட்டும் இல்லை, அந்தப் பிள்ளைகள் ஒவ்வொன்றும் எந்த வாசலில் அழும் எந்த வாசலில் சிரிக்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். சொல்லாவிட்டால், அடுத்த தடவை ஆயா கத்த மறந்தால்? உன் கடிதமும் போனும் வருவதற்கு நான் காத்திருக்க முடியாது, நாளை திங்கட்கிழமை. நான் கையெழுத்துப் போடப்போவதில்லை. இன்று அவர் அத்தை வீட்டிலிருந்து வந்ததும் சொல்லிவிடுவேன், நீங்களாகவே லீவு சொல்லிவிட்டு என்னோடு வந்து ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுங்கள், இல்லையென்றால் நாளை எல்லோர் முன்னாலும் கையெழுத்துப் போடாமல் உங்கள் மெஷினை நான் திருப்பிக் கொடுக்கவேண்டி வரும் என்று. என்ன பதில் வரும் என்று தெரியும். ஊரார் பிள்ளைக்காகப் புருஷனைக் காட்டிக்கொடுத்தவள் என்பார், அத்தை அதை இரண்டு மடங்காக்குவாள். அதே வீடு, அதே பள்ளிக்கூடம், அதே சாப்பாட்டு மேசைதான் எனக்கு. கோபித்துக்கொண்டு போக எனக்கு வேறு இடமும் இல்லை, போகவும் மாட்டேன். எப்படி வரப்போகிறதோ வரட்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

உன்மேல் எந்தத் தப்பும் இல்லை, இதை இரண்டு தடவை படி. பாசத்தோடு வாங்கினாய், விலையைப் பார்த்தும் வாங்கவில்லை, எத்தனை நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் வாங்கியிருப்பாய், நட்சத்திரத்தையும் விலைக்கு விற்கிறார்கள் போல. இனி மருந்துச் சாமான் மட்டும் முகம் தெரிந்த கடையில் வாங்கு. பொட்டலத்தில் மூன்றாவது டப்பா இருக்கிறது, அப்பா கையில் படுமுன் நான் ஒளித்துவைத்தது, பிரிக்கவே இல்லை, அடியில் எண் தெளிவாக இருக்கிறது. அதைப் படம் எடுத்துப் புகார் கொடு, பணம் வருகிறதோ இல்லையோ, இன்னொரு வீட்டுக்கு இது போகக்கூடாது. மாதாமாத ஆர்டரை இதைப் படித்த கையோடு நிறுத்து. அப்பாவிடம் என் பக்கம் பேசவேண்டாம், அவர் பக்கமும் பேசவேண்டாம், "நான் அனுப்பினது சரியில்லப்பா, நிறுத்திட்டேன்" என்று நீ உன் வாயால் ஒரு வார்த்தை சொல், அது ஒன்றைத்தான் அவர் கேட்பார். அழாமல் சொல்.

எங்கே இருந்தாலும் நீ நல்லவர்கள் நடுவில் இருக்கவேண்டும், தலைவலி காய்ச்சல் இல்லாமல் நூறு வயது இருக்கவேண்டும். ஈரத் தலையோடு வேலைக்குப் போகாதே. கடைசியாக ஒன்று. நீ கூப்பிடும்போது அப்பா, "எல்லாம் நார்மல் மேனேஜரம்மா" என்று சிரித்தால் நம்பாதே, போனை உடனே என்னிடம் கொடுக்கச் சொல். "உங்கம்மா என் பொழப்பைக் கெடுத்துட்டா" என்று கத்தினால் பயப்படாதே. அவர் அன்று வண்டி எடுக்கவில்லை என்று அர்த்தம்.

உன்னை எந்நேரமும் நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா